தண்ணி வந்த மூணாம் நாள்

எழில்மொழிக்குப் பிறந்த தேதி மூன்று. ஒன்றைப் பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்தது. இன்னொன்றைத் திருச்சியில் ஓர் ஏஜெண்டு எழுதிக் கொடுத்தான். மூன்றாவது, அவளைப் பெற்றவள் வாயால் சொன்னது. முதல் இரண்டையும் முத்திரை இருக்கிறதே என்று வாங்கி வைத்துக்கொண்ட பெரிய மனிதர்கள், மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது மடப்புரச்சேத்தி. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் எட்டிப் பார்க்கும் கடைமடை ஊர். மேட்டூரில் அணை திறந்தால் பேப்பரில் படம் வரும், பூத் தூவுவார்கள், கைதட்டுவார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை நாளில் மடப்புரச்சேத்தி மதகைத் தொடும் என்பது மேலே இருப்பவர்களின் மனசைப் பொறுத்தது. அவர்கள் வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அணை திறந்த செய்தி வந்ததும், காலில் வலுவுள்ள ஒருவர் ஆற்றங்கரையோடு மேலே ஓடிப்போய்த் தண்ணீரின் முகம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் திரும்பி வந்து ஊருக்குச் சொல்ல வேண்டும். நடுவில் எவராவது அடைத்து வைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சேதி வந்த பிறகுதான் ஆண்கள் மண்வெட்டியைத் தூக்குவார்கள், பெண்கள் விதைநெல்லை ஊறப் போடுவார்கள். எழில்மொழியின் அப்பா முருகையன் இருபது வருடம் அப்படி ஓடியவர். கூலிக்கு அறுத்து, கூலிக்கு நட்டு, கடைசியில் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கர் சொச்சம், குத்தகைக்குப் பிடித்த குடும்பம். தண்ணீரைப் பார்த்துவர ஓடும் வேலையை மட்டும் அவர் கூலிக்குச் செய்யவில்லை.

எழில்மொழி பிறந்த வருடம் தண்ணீர் ரொம்பத் தாமதம். ஆவணி பிறந்த பிறகுதான் மதகைத் தொட்டது. தொட்ட மூன்றாம் நாள், அவள் அம்மா அம்சம் நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தபோது வலி கண்டது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அரை மணியில் பிள்ளை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியும் இல்லை, பதிவும் இல்லை. தண்ணி வந்த மூணாம் நாள் என்று அம்சத்துக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். அதற்கு மேல் யாருக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

ஐந்து வயது நிறைவதற்கு முன்பே அம்சம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். பிள்ளைக்குக் கை கால் எல்லாமே நீளம். காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டது. "அஞ்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்லி, ஜூன் ஒன்று, 1980 என்று எழுதிக்கொண்டார். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முப்பத்தோரு பிள்ளைகளில் இருபத்தாறு பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள். மடப்புரச்சேத்திப் பெண்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் பிள்ளை பெற்றார்களா என்று எந்த அதிகாரியும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

அவளுக்குப் பதினோரு வயதில் முருகையன் கரும்பு லாரியிலிருந்து விழுந்து முழங்கால் போயிற்று. அந்த வருடம் தண்ணீரைப் பார்த்துவர யார் ஓடுவது என்று ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் இவள் ஓடிப்போய்விட்டு வந்துவிட்டாள். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர்.

"பெரிய மதகுக்கு வந்துருச்சுப்பா. நொரையும் சருகுமா வருது. ரெண்டு பாம்பு. அந்தப் பனமரத்துக்கிட்ட மண்ணு வெட்டிப் போட்டுருக்காங்க" என்றாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"யாரு போட்டது?"

"ஆளு இல்ல. மம்பட்டி மட்டும் கெடந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்."

முருகையன் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட காலே வலித்தது. அன்றிலிருந்து அந்த ஓட்டம் அவளுடையது. பிளஸ் டூ படிக்கும்போது மாநில அளவில் நெடுந்தூர ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். வெறுங்காலோடு ஓடினாள். முதலாவதாக வந்த பெண் ஷூ போட்டிருந்தாள்.

விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். இவள் பள்ளியை முடித்து நான்கு வருடம் ஓடி ஓடிச் சான்றிதழ் சேர்த்தாள். அப்போது பார்த்து அரசாங்கம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. உலகமே திறந்துகொண்டது, இனி அவரவர் திறமைதான் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவளிடம் இருந்தது ஒரே ஒரு திறமை. அதற்கு ஆள் எடுக்கிறவர் யாரும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வரவில்லை. அதோடு ஆற்றில் தண்ணீரும் வரவில்லை. குறுவை போச்சு, சம்பா போச்சு, அடுத்த வருடமும் அதே கதை. அம்சம் நடவுக்குக் கூட்டிப்போகும் இருபது பெண்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் கடவுச்சீட்டு இல்லாத வீடே இல்லை என்று ஆனது.

அப்படித்தான் திருச்சி ஏஜெண்டு வந்தான். குவைத்தில் வீட்டு வேலை. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முப்பது வயது முடிந்திருக்க வேண்டும் என்று விதி. இவளுக்கு இருபத்திரண்டு. பெண்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட விதியாம். அதனால் இளம் பெண்கள் போவது நின்றதா? நிற்கவில்லை. இளம் பெண்களுக்கெல்லாம் வயது கூடியது, அவ்வளவுதான்.

"ஸ்கூல் சர்டிபிகேட்டக் காட்டாதம்மா. படிக்காதவங்கன்னு அபிடவிட்டு போட்டுரலாம். படிக்காதவங்கன்னா என்ன தேதி சொல்றோமோ அதான் தேதி" என்றான் ஏஜெண்டு. 1971, ஜனவரி ஒன்று. ஒரே நாளில் அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

படிக்காதவள் கையெழுத்துப் போடக் கூடாது. மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். பிளஸ் டூவில் தமிழில் நூற்று எழுபத்தெட்டு மார்க் வாங்கிய பெண், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கரும்பலகையில் தினமும் குறள் எழுத நிறுத்தப்பட்ட பெண், இடது கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் உருட்டினாள். தெரியாமல் செய்ததாக அவள் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. தெரிந்துதான் செய்தாள். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத ஊரில், நெல் விளைகிற ஊரில், அந்த வயதில் நீங்களாக இருந்தாலும் உருட்டியிருப்பீர்கள்.

குவைத்தில் இரண்டு வருடம். மூன்று மாடி வீடு, பதினோரு பேர், ஒரு வேலைக்காரி. வெளியே போக அனுமதி ஒரே ஓர் இடத்துக்கு, தெருமுனையில் இருந்த முத்துப்பேட்டை ஹாஜா மைதீன் கடைக்கு. ரொட்டி வாங்க ஓடுவாள், ஓடியே திரும்புவாள். நான்காவது நாள் ஹாஜா மைதீன் கேட்டார்.

"ஏந்தங்கச்சி, யாராச்சும் வெரட்டுறாங்களா?"

"இல்லண்ணே. ஓடுனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அடுத்த வாரம் அவர் ரொட்டிப் பையோடு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவையும் வைத்துக் கொடுத்தார். அவள் போட்ட முதல் ஷூ அது.

துணி காயப் போடும் மொட்டை மாடிதான் அவளுக்கு மைதானம். சுற்றி வந்தால் தொண்ணூற்றாறு அடி. காலையில் வீடு விழிப்பதற்கு முன் இருநூறு சுற்று. பக்கத்து வீட்டு மாடியில் அல்மாஸ் என்று ஓர் எத்தியோப்பியப் பெண், அவளும் வேலைக்காரிதான். ஒருநாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தப்பு என்று தலையை ஆட்டினாள். தோளை இறக்கு, குதிகாலை உதைக்காதே, தினமும் வேகம் வேண்டாம் என்று கையால் காட்டினாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அடுப்படி அரபி மட்டும். அந்த நூறு சொற்களை வைத்துக்கொண்டே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று ஓர் ஓட்டம் இருப்பதையும், தன் ஊரில் அதை ஓடும் பெண்ணுக்கு ஊரே எழுந்து நிற்கும் என்பதையும் அல்மாஸ் சொல்லிவிட்டாள். எழில்மொழிக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தண்ணீரைப் பார்க்க இரண்டு தடவை போய்வந்து, இன்னும் கொஞ்சம் ஓடினால் அந்தத் தூரம் வந்துவிடும்.

2005இல் திரும்பினாள். இருபத்தைந்து வயது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. கரையிலேயே பயிற்சி. காலையில் வேதாரண்யம் சாலை வரை, மாலையில் நடவு வயலிலிருந்து வீட்டுக்குச் சுற்று வழியில். பயிற்சியாளரும் இல்லை, சத்துணவும் இல்லை. பழைய சோறு, கருவாடு, முட்டை கிடைத்தால் முட்டை. மதகிலிருந்து மதகுக்கு எவ்வளவு தூரம் என்று, மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித்துறை லஸ்கரிடம் கேட்டுக்கொண்டு, சைக்கிள் கடையில் வாங்கிய பழைய கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டாள்.

2007 தொடக்கத்தில் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் தேசிய அளவிலான மாரத்தான். முப்பதாவது கிலோமீட்டரில் முன்னால் போன நான்கு பெண்களும் ஒருவர் பின் ஒருவராகத் தளர்ந்தார்கள். இவள் தளரவில்லை. இரண்டு மணி, நாற்பத்து நான்கு நிமிடம், ஐம்பது விநாடி. இந்தியப் பெண்களில் முதல் இடம். கழுத்தில் பதக்கத்தோடு ஊருக்கு வந்து இறங்கியபோது முருகையன் அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேட்டவருக்கும் காட்டினார், கேட்காதவருக்கும் காட்டினார். அந்த நேரம்தான் இந்தக் குடும்பத்தின் சொத்து. வேறு சொத்து அவர்களுக்கு இருந்ததில்லை.

ஆசியப் போட்டிக்கு அவள் பெயர் வந்தது. தடகளச் சங்கத்திலிருந்து போன் வந்தது. "பாஸ்போர்ட் இருக்காம்மா? இல்லேன்னா அவசரமா எடுக்கணும்."

"இருக்குங்க சார்!" என்றாள். அந்த அணியில் கையில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். மற்றவர்கள் இனிமேல்தான் எழுதிப் போட வேண்டும். பெருமையாக இருந்தது. தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள். கடவுச்சீட்டில் 1971, பள்ளிச் சான்றிதழில் 1980. ஒரே உறைக்குள் இரண்டு வயது. மடப்புரச்சேத்தியில் தேதி என்பது அந்தந்த ஆபீசுக்கு அந்தந்த ஆபீஸ்காரர் எழுதிக்கொள்வது. ஓர் ஆபீஸ் எழுதியதை இன்னோர் ஆபீஸ் படித்துப் பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சென்னையில், சங்க அலுவலகத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் செயலாளர் இளையபெருமாள். ஒரு காலத்தில் நூறு மீட்டர் ஓடியவராம். அப்போது பார்த்தால் நூறு மீட்டர் நடப்பதற்கே கார் தேவைப்படும் போல இருந்தார். இந்தப் பக்கம் எழில்மொழியும் அம்சமும். அம்சத்துக்கு நாற்காலி போடவில்லை.

"இது யாரு ரேகை?"

"என்னுதுதான் சார்."

"பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கே. கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்ன படிச்ச பொண்ணு கைநாட்டு வெக்க வெக்கமா இல்ல? கையெழுத்துன்னா நான் போடலன்னு சொல்லி ஏமாத்தலாம். ரேகைய ஏமாத்த முடியாதும்மா. ரேகை பொய் சொல்லாது."

வெட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர் எத்தனையாவது? வேலை தராத அரசாங்கத்துக்கு அடுத்து, வயதை விற்ற ஏஜெண்டுக்கு அடுத்து, முப்பத்திரண்டு வயது என்று எழுதிய தாளையும் இருபத்திரண்டு வயது முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியவருக்கு அடுத்து எங்கோ கடைசியில் இருக்கும். அவர்களில் ஒருவரையும் யாரும் மேஜைக்கு முன்னால் நிறுத்தவில்லை. அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இளையபெருமாள் அம்சத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. ஒங்க பொண்ணு எப்பப் பொறந்துச்சு?"

"மதகுக்குத் தண்ணி வந்த மூணாம் நாளுங்க."

"எந்த வருஷம்?"

"தண்ணி லேட்டா வந்த வருஷங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே 'தாயாருக்குத் தெரியவில்லை' என்று எழுதினார். அந்த அறையில் சரியான தேதியைச் சொன்ன ஒரே ஆள் அம்சம்தான். தண்ணீர் எந்த நாளில் வந்தது என்பதைக் கடைமடைக்காரி மறப்பாளா? தான் கழுத்தை நீட்டிய நாளை மறந்தாலும் மறப்பாள், அதை மறக்க மாட்டாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. ஆவண மோசடி, இரண்டு வருடம் தடை, அந்த மாரத்தானில் ஓடிய நேரம் ரத்து. அவளுக்குப் பதிலாக இரண்டாவதாக வந்த பெண் ஆசியப் போட்டிக்குப் போனாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவள் நன்றாக ஓடினாள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பதினாறு வயதுக்காரி பதினான்கு என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளோடு ஓடினால் மோசடி, சரி. மாரத்தானில் ஏது வயது? 1971இல் பிறந்தாலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்தான், 1980இல் பிறந்தாலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்தான். முப்பத்தாறு வயதுக்காரிக்கு முன்னூறு மீட்டர் குறைத்துக் கொடுப்பார்களா? அந்த இரண்டு மணி நாற்பத்து நான்கு நிமிடத்தில் எந்த விநாடியை அவள் திருடினாள்? இந்தக் கேள்வியை எழுதி அவள் நான்கு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மற்றவளாக இருந்தால் அழுது முடித்திருப்பாள். எழில்மொழி மதகுக்குப் போனாள். பொதுப்பணித்துறையில் தினமும் தண்ணீர் மட்டம் எழுதும் பதிவேடு உண்டு என்பது லஸ்கரோடு பழகிய அவளுக்குத் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். பழையது, கரையான் அரித்திருக்கும், தேட ஆள் இல்லை என்றார்கள். "நீங்க கதவத் தொறந்து விடுங்க சார், நான் தேடிக்கிறேன்" என்றாள். ஐந்து நாள் தூசியில் உட்கார்ந்து தேடினாள். கிடைத்தது. மடப்புரச்சேத்தி மதகு, 21.8.1980, காலை ஆறு மணி, தண்ணீர் வரத்து, இரண்டடி. கீழே எப்போதோ செத்துப்போன ஒரு லஸ்கரின் கையெழுத்து. மூன்றாம் நாள் என்றால் ஆகஸ்டு இருபத்து மூன்று. அம்சத்திடம் வாசித்துக் காட்டினாள்.

"நாந்தான் சொன்னேனே. அதுக்கு எதுக்குடி இவ்வளவு தூசியத் தின்ன?" என்றாள் அம்சம்.

அந்தச் சான்று நகலை வைத்துத் திருத்துறைப்பூண்டி நீதிமன்றத்தில் பிறப்பைப் பதிவு செய்யக் கேட்டாள். நீதிபதி பதிவேட்டைப் பார்த்தார், அம்சத்தை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார், சிரிக்கவில்லை. 23.8.1980 என்று உத்தரவு வந்தது. இருபத்தெட்டு வயதில் அவள் முறைப்படி பிறந்தாள். உத்தரவை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினாள்.

சங்கத்தின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. தங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பிறந்த தேதிகள் இருக்க, தற்போது மூன்றாவது தேதி ஒன்றும் சமர்ப்பிக்கப்பட்டுள்ளதால், தடை நான்கு வருடமாக நீட்டிக்கப்படுகிறது.

நீட்டிக்கப்படுகிறது! உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு இரண்டு வருடம் கூடுதல். அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு முருகையன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மகளிடம் கொடுத்தார். "இத நீயே வெச்சுக்க எழிலு. யாரு கேட்டாலும் காட்டு" என்றார். அதன்பின் அவர் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை.

தடை முடிந்தபோது அவளுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. தனியாகவே ஓடித் தேய்ந்த முழங்காலோடு ஒரு மாரத்தான் ஓடினாள். இரண்டு மணி ஐம்பத்தெட்டு. நல்ல நேரம்தான், ஆனால் பழைய எழில்மொழியின் நேரம் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்த வருடம் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று அரைநாள். மிச்ச நேரம் அதே ஐந்து மா குத்தகை. ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டாள், என் நேரத்தை என் பெயரில் திருப்பி எழுதுங்கள் என்று. பதக்கம் வேண்டாம், பணம் வேண்டாம், பாராட்டு வேண்டாம். அந்த ஒரு வரி மட்டும்.

2019இல் தஞ்சாவூரில் 'நெற்களஞ்சிய மாரத்தான்' என்று ஒன்று வந்தது. நடத்தியது வயலை வாங்கி மனை போட்டு விற்கும் ஒரு கம்பெனியும், அந்தச் சங்கமும். நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு விற்றுவிட்டு, நெல்லின் பெயரில் ஓட்டம். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து எழில்மொழி நின்றுவிட்டாள். அதில் இருந்தது அவள் படம். 2007இல் முடிவுக் கோட்டைத் தொட்ட படம். கீழே கொட்டை எழுத்தில்: '2:44:50! டெல்டாவின் தங்க மகள் எழில்மொழி வாழ்த்துகிறார்.' ரத்து செய்த நேரத்தை எடுத்துப் போஸ்டர் அடித்திருக்கிறார்கள். அதன் கீழே சங்க முத்திரை, இளையபெருமாளின் கையெழுத்து. அவள் பசை காயாத அந்தப் போஸ்டரைக் கிழியாமல் உரித்தெடுத்துச் சுருட்டிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சங்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "சிறப்பு விருந்தினரா வரணும் மேடம். பொன்னாடை போட்டு கௌரவிக்கிறாங்க."

"வர்றேன்" என்றாள் எழில்மொழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் மூவாயிரம் பேர் ஒரே நிற பனியனில் நின்றார்கள். மேடையில் கம்பெனி முதலாளி, டி.வி. கேமராக்கள், நடுவில் இளையபெருமாள். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. முன்வரிசையில் அம்சம், இந்தத் தடவை நாற்காலியில். இளையபெருமாள் எழில்மொழியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, இரண்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம் என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் மைக்கை அவளிடம் நீட்டினார், வாழ்த்திவிட்டுக் கொடியை அசைப்பாள் என்று.

அவள் போஸ்டரை விரித்தாள். "சார், இந்த நேரத்த ஓடுனது யாரு?"

"நீங்கதாம்மா. வேற யாரு?"

"அப்ப ஒங்க ரெக்கார்டுல ஏன் இல்ல? 2007ல ரத்து பண்ணுனீங்க. பன்னெண்டு லெட்டர் போட்டுட்டேன்."

மூவாயிரம் பேர் காதிலும் விழுந்தது. இளையபெருமாள் மைக்கைக் கையால் பொத்தப் பார்த்தார். "அதெல்லாம் பழைய கதம்மா. இன்னிக்கு நல்ல நாளு. ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"ஆபீசுக்கு வந்துதான சார் அம்மா நின்னுக்கிட்டே பதில் சொன்னாங்க? இங்கயே எழுதிக் குடுங்க. ஒரு வரிதான். இல்லேன்னா போஸ்டர் பொய்யின்னு இந்த மைக்குல சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் கொடிய ஆட்டுவேன்."

ஓட நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். எழுதிக் கொடு என்று முதலில் ஒரு மூலையில், பிறகு எல்லா மூலையிலும். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, இளையபெருமாளின் காதில் சுருக்கென்று ஏதோ சொன்னார். சான்றிதழ்களுக்கு முத்திரை குத்த மேஜையில் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் இருந்தன. இளையபெருமாள் சங்கத்தின் தாளை இழுத்து எழுதினார். 2007 மாரத்தானில் 2:44:50 நேரத்தில் ஓடியவர் எழில்மொழி, ரத்து விலக்கப்படுகிறது. பழக்கதோஷத்தில் அடுத்த வரியில் 'பிறந்த தேதி' என்றும் எழுதிவிட்டு, பேனாவோடு தலையைத் தூக்கினார்.

"அத நான் எழுதுறேன்" என்று எழில்மொழி பேனாவை வாங்கினாள். கரும்பலகையில் குறள் எழுதிய அதே கையெழுத்தில், தண்ணி வந்த மூணாம் நாள் என்று எழுதினாள். கேமராக்காரர் குனிந்து அதைப் படம் பிடித்தார். இளையபெருமாள் கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கையெழுத்து வேணாம் சார். நான் போடலன்னு நாளைக்குச் சொல்லிருவீங்க. ரேகை பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"எம்மா, இது..."

"இதுல என்ன வெக்கம் சார்?"

அவர் கீழே பார்த்தார். மூவாயிரம் முகங்கள். முன்வரிசையில் அம்சம் கையைக் கட்டிக்கொண்டு நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இடது கட்டைவிரலை மையில் வைத்தார். பழக்கமில்லாததால் அழுத்தத்தான் தெரிந்தது. "உருட்டணும் சார்" என்று எழில்மொழி சொல்லிக் கொடுத்தாள். உருட்டினார்.

ஈரம் காயும் வரை அவள் தாளை ஊதினாள். பிறகு நான்காக மடித்து, அப்பாவின் பழைய தாளோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கொடியை எடுத்து அசைத்தாள். மூவாயிரம் பேரும் ஓடத் தொடங்கினார்கள். இளையபெருமாள் விரலைத் துடைக்கத் துணி தேடினார், மேஜையில் ஒன்றும் இல்லை. எழில்மொழி தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.